வராத அரசரின் பாத அளவு

அத்தியாயம் 6

ஒரு மண்டபத்தின் யோக்கியதையை அதன் கழிவறையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது இருபது வருடத் துப்பறியும் தொழிலில் நான் கற்ற பாடம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் ஒரு வாகன உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்த 'போஹேமிய ஐந்து ரோஜாப் பிரபுக்கள் சங்க'த்தின் கழிவறையில் தண்ணீர் வரவில்லை. வேலை செய்த ஒரே குழாய் அதன் வாசலில் இருந்தது. அறுபத்தெட்டு வயது அங்கம்மா அங்கே குந்தி உட்கார்ந்து, பிரபுக்கள் குடிக்கும் பித்தளைக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் துணியால் செய்த கறுப்பு ரோஜா ஒன்று குத்தியிருந்தது.

"அக்கா, பிரபுவா இருக்கறதுக்கு முதல் தகுதி நல்ல வயிறு போலருக்கு" என்று என் காதில் கிசுகிசுத்தான் கால்வின்.

கால்வின் என் உதவியாளன். நாற்பது வயது. தொழிற்சாலை டெக்னீஷியனாக இருந்தபோது கம்பெனி அவனை இரண்டு வருடம் பழைய போஹேமியாவான செக் நாட்டுக்கு அனுப்பியது. அங்கே ஒரு கோட்டைச் சுற்றுலா வழிகாட்டிப் பெண்ணைக் காதலித்து, கல்யாணம் கைகூடாமல், அவள் வாய்ப்பாடாக ஒப்பித்த சரித்திரத்தை மட்டும் சுமந்துகொண்டு திரும்பினான். அந்தச் சரித்திரத்துக்கு இந்த ஜென்மத்தில் ஒரு பிரயோஜனம் வரும் என்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை.

வழக்கு இதுதான். போன வியாழக்கிழமை லோஷினி என்ற பெண் குளுவாங்கில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தாள். விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. காஹாங்கில் அப்பாவோடு இருக்கிறாள். இறந்துபோன அவளுடைய அம்மா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்து வாங்கிய வீடும் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டமும் இப்போது அப்பா சதாசிவத்தின் பேரில் இருக்கின்றன. அவற்றை வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இந்தச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு 'பான்' என்ற பிரபுப் பட்டம் வாங்கப்போகிறார். அவரைப் பார்த்து இன்னும் பன்னிரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போடக் காத்திருக்கின்றன. அதில் ஒன்று, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு விதவை அங்கம்மா. "எங்கப்பா வெகுளி ஆன்ட்டி. யாரோ ஏமாத்துறாங்க. வீடு போறதுக்குள்ள அது யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று கேட்டாள்.

இன்று சனிக்கிழமை. பட்டத்துக்கு அலையும் தம்பியும் அவனை அழைத்துவந்த அக்காவுமாக நடித்துக்கொண்டு நாங்கள் வந்திருந்தோம். லோஷினி கீழே தெருவோரம் நிறுத்திய காடியில் காத்திருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே புனித இடமாம். செருப்பு வரிசையைப் பார்ப்பது என் பழக்கம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், செருப்பு சொல்லாது. பளபளக்கும் ஷூக்கள், தேய்ந்த ரப்பர் செருப்புகள், இடது பக்கத்துக்கு மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடி ஒட்டிய ஒரு தோல் செருப்பு ஜோடி, அங்கம்மாவின் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. அதையெல்லாம் பார்த்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். தரையில் கால் ஒட்டியது.

நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தவர்தான் சதாசிவம். போட்டோவில் பார்த்த அதே முகம். கோயில் கமிட்டியில் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கூச்சம் கலந்த சிரிப்பு. பசியாறியாச்சா என்று விசாரித்தார். தானும் நாளைக்குத்தான் பட்டம் வாங்கப்போவதாகவும், தனக்கே இன்னும் நம்ப முடியவில்லை என்றும் சொன்னார். இவ்வளவு சாதுவான மனிதரை மொட்டையடிக்க எவனுக்கு மனசு வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சங்கத்தின் தலைவர் லெட்சுமணன் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பவர். சிவப்பு வெல்வெட் அங்கிக்குள் வியர்த்துக்கொண்டே சுற்றிக் காட்டினார். மத்தியகால போஹேமியாவில் சமூகம் எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் என்றார். மேலே பான் என்ற பெரும் பிரபுக்கள், சிவப்பு ரோஜா. அடுத்து விளாடிகா என்ற சிறு பிரபுக்கள், நீல ரோஜா. கடைசியில் பணியாட்கள், கறுப்பு ரோஜா. பணியாட்களும் நிலத்தைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். விதவைகளைச் சங்கம் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்ளும், அதற்கு அவர்களுடைய நிலம் சங்கத்திடம் இருப்பதுதான் முறை என்றார்.

அதாவது அங்கம்மா மூன்று ஏக்கரையும் கொடுத்துவிட்டுக் கோப்பையும் கழுவ வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் கங்காணி என்று அடுக்கி வைத்து நம் தாத்தாக்களின் முதுகை ஒடித்தார்கள். அந்த அடுக்கிலிருந்து தப்பி வந்த பேரன்மார் வாடகைக்கு ஒரு மாடி பிடித்து, வெல்வெட் துணி வாங்கி, அதே அடுக்கைத் தங்கள் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். கீழ்ப்படிக்கு ஒரு கிழவியையும் பிடித்துவிட்டார்கள். நான் சிரித்த முகத்தோடு தலையாட்டினேன். என் தொழிலில் மிகவும் அசிங்கமான பகுதி அதுதான்.

மேடையில் ஒரு அரியணை இருந்தது. காலியாக.

"அது மாமன்னருடையது. அவர் ஐரோப்பாவுல இருக்கார். இங்க வரவே மாட்டார். அந்தக் காலத்துலயும் ராஜா நாட்டுல இருக்க மாட்டார், பிரபுக்கள்தான் பாத்துக்குவாங்க" என்றார் லெட்சுமணன். அறுநூறு வருடப் பழமை, கப்பலில் வந்தது என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

கால்வின் கண் கலங்கியவன் போல நடித்து, "மாமன்னரே" என்று அரியணைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். லெட்சுமணனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. விழுந்தவன் லேசில் எழுந்திருக்கவில்லை. தலையை ஆசனத்துக்கு அடியில் நுழைத்து நன்றாக வேண்டிக்கொண்டான். நானும் பக்தியோடு கால் வைக்கும் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு பக்கம் விரல் இடித்தது. பலகையின் இடது பாதி வலது பாதியைவிட உயரமாக இருந்தது.

நாளைய சடங்கைக் கேட்டுக்கொண்டோம். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிரபுவுக்கும் மேடைக்குக் கீழே அங்கம்மா பாதம் கழுவி விடுவாராம். பழைய போஹேமிய வழக்கம் என்றார் லெட்சுமணன்.

கீழே வந்ததும் கால்வின் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "நான் அங்க ரெண்டு வருசம் இருந்தேன், பாதம் கழுவுற பிரபு கதை ஒண்ணும் கேள்விப்படலக்கா. இது நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைக்குச் செய்யறது" என்றான்.

"அடியில என்ன பார்த்தே?"

"அலமாக், அது பெரிய கூத்து. வார்னிஷ் அடிக்காத பலகை. அதுல சாய்வா ஒரு வெட்டுத் தழும்பு."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கித்தா மரம். பால் வெட்டி ஓய்ந்த ரப்பர் மரத்தை அறுத்த பலகை. நம் ஊர்ப் பக்கம் அந்த மரம் வந்தே நூற்றைம்பது வருடம் இருக்காது. ஐரோப்பாவில் அது வளரவே வளராது. அறுநூறு வருடத்துக்கு முந்திய போஹேமிய அரியணையில் கித்தா மரத் தழும்பு. வாழ்நாள் முழுக்க அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துச் சோறு தின்ற சனங்களின் பிள்ளைகள் அதைத் தினமும் கும்பிடுகிறார்கள். ஒருவன்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

பட்டறை முத்திரையை யாரோ சுரண்டியிருந்தார்களாம். டெலிபோன் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மட்டும் தப்பியிருந்தது: 06. ஜொகூரில் பெரும்பாலும் 07 என்று தொடங்கும்போது, 06 என்று தொடங்குவதும் மேசை நாற்காலி செய்வதுமான ஊர் ஒன்றே ஒன்றுதான்.

"மூவார்" என்றேன்.

லோஷினி காடியைக் கிளப்பினாள். கால்வின் பின்சீட்டில் உட்கார்ந்து மூவார் பட்டறைகளுக்கு வரிசையாகப் போன் போட்டான். ஒரே பேச்சுதான்: எங்கள் ராஜா நாற்காலி மாதிரியே இன்னொன்று வேண்டும். நாலு பேர் திட்டி வைத்தார்கள். ஐந்தாவது ஆள் அலுப்போடு, மறுபடியும் ஒரு பக்கம் மேடு வைத்த பலகையா என்று கேட்டார். பெயர் மூர்த்தி. கடலோரச் சாலையில் பட்டறை மேஸ்திரி.

போகிற வழியில் கால்வின் தன் முறிந்த காதலின் பாடத்தை ஒப்பித்தான். அந்த நாட்டில் பிரபு என்றால் சும்மா தொப்பி போட்டவன் இல்லை. காட்டை வெட்டி ஊர் வைப்பான், மடம் கட்டுவான், நில நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வான், கூப்பிட்டால் சண்டைக்குப் போவான். குடியானவன் உழைப்பில் சாப்பிடுவான், அதையும் மறைக்க மாட்டான். லக்ஸம்பர்க் ஜான் என்று ஒரு ராஜா எப்போது பார்த்தாலும் வெளிநாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பிரபுக்களே நாட்டை நடத்தினார்கள். அந்தப் பட்டங்களையெல்லாம் 1918இலேயே சட்டம் போட்டு ஒழித்தும் விட்டார்கள். ரோஜாவுக்கும் ஒரு கதை இருக்கிறதாம். ஒரு பிரபு ஐந்து மகன்களுக்கு ஐந்து நிற ரோஜாவைக் கொடுத்தான். கறுப்பு ரோஜா முறைப்படி பிறக்காத மகனுக்கு.

"அதையா அங்கம்மா பாட்டி நெஞ்சில குத்தி வச்சிருக்காங்க?" என்றாள் லோஷினி.

சங்கத்தின் சட்டதிட்டப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உறுப்பினர் நிலமெல்லாம் பிரிக்காத பொதுச் சொத்து. ஒருவர் தனியாக விற்க முடியாது. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கு கிடையாது. வாரிசு இல்லாமல் போனால் நிலம் மாமன்னரைச் சேரும். அதை வாசித்துக் காட்டியபோது கால்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இது நெசமாவே அங்க இருந்த வழக்கம்தான்க்கா. எழுதினவன் படிச்சிருக்கான். ஆனா ஒண்ண மட்டும் தலைகீழாக்கிட்டான். வாரிசில்லாத நெலத்த ராஜா எடுத்துக்கறத எதுத்து அந்தப் பிரபுக்கள் காலங்காலமா மல்லுக்கு நின்னாங்க. நெலத்த ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் பட்டம் வாங்குன பிரபு ஒருத்தன்கூடக் கெடையாது."

அப்படியானால் சங்கத்தில் எல்லா நிலமும் போய்ச் சேரும் ஒரே இடம் அந்தக் காலி நாற்காலி. சங்கத்தின் பெயரில் பதிவாகியிருந்த கம்பெனியில் லெட்சுமணன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த ஆள் விளாடிகா என்ற சொல்லைச் சொல்லவே மூன்று முறை தடுக்கி விழுந்தார். இந்தப் புத்தகத்தை எழுதிய மூளை அவருடையது இல்லை. நாற்காலியில் உட்காரப் போகிறவன் ஒருவன் இருக்கிறான். வரவே வராத ராஜாவுக்கு யாராவது அளவெடுத்து ஆசனம் செய்வார்களா?

மூவார் பட்டறையில் மூர்த்தி தலையெல்லாம் மரத்தூளோடு வந்தார். லெட்சுமணன்தான் வந்து நாற்காலிக்குச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். உட்காரும் ஆள் வரவில்லை. அளவு மட்டும் வந்தது.

"எங்க பட்டறைல அளவுக் காயிதத்தத் தூக்கிப் போட மாட்டோம். நாற்காலி ஆடுதுன்னு எவனாச்சும் சண்டைக்கு வந்தா காட்டணும்ல" என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய காகிதக் கட்டிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை உருவினார்.

காகிதத்தைத் தரையில் வைத்து, அதன் மேல் வெறுங்காலோடு நின்று, சுற்றிலும் தடித்த பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழங்கால்வரை உயரம். இடது கால் ஒன்றேகால் அங்குலம் கட்டை. செருப்பில்லாத அளவு என்று கீழே ஒரு குறிப்பு.

இதற்கு மேல் துப்பு எதற்கு? ஐரோப்பிய மாமன்னர் செருப்பை வாசலில் விட்டுவிட்டா அரியணை ஏறுவார்? அதைச் செய்கிறவன் நம்ம ஆள். அந்த மண்டபத்துக்குள் தினமும் வெறுங்காலோடு நடக்கிறவன், வாசலில் அடி ஒட்டிய செருப்பைக் கழற்றி வைக்கிறவன். மேஜையை விட்டு ஒரு தடவையும் எழுந்திருக்காமல் பெயர் எழுதியவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் லோஷினியின் பக்கம் திரும்பினேன். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

அவள் அந்தக் காகிதத்தின் மேல் குனிந்திருந்தாள். இடது பாதத்தில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு நேராக ஓடியிருந்தது. விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தடவினாள்.

"லோரி ஏறுனதுல போச்சு. நான் அப்ப ஸ்டாண்டர்டு டூ" என்றாள். "நகம் வெட்டி விடறது நான்தான் ஆன்ட்டி. இது எங்கப்பா கால்."

மூர்த்தி எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

மூவாருக்கு வந்தால் அந்த ஊர் நூடுல்ஸான மீ பண்டோங் சாப்பிடாமல் நான் திரும்பியதில்லை. அன்று வாங்கியும் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தச் சாதுச் சிரிப்பு கண் முன்னால் நின்றது. தன் நிலத்தைத் தனக்கே எழுதிக்கொண்டு, அதைத் தியாகமாகக் காட்டி, பன்னிரண்டு குடும்பத்தைப் பின்னாலேயே வரவைக்கும் சூழ்ச்சி. பதினெட்டு வருடக் கோயில் நம்பிக்கையைத் தூண்டிலில் கோத்திருக்கிறார். ஏமாற்றுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன்னையே பலியாடாக அலங்கரித்துக்கொண்டு முன்னால் நடப்பவனை இப்போதுதான் பார்க்கிறேன். என் தட்டை ஈ மொய்த்தது.

கால்வின் வழக்கம்போல வாயைத் திறந்தான். "ஒரு வகைல நல்ல சேதிதான் லோஷினி. ஒங்க வீடு எங்கயும் போகல. நீங்க இளவரசி."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்னது உண்மை. லோஷினி என்னிடம் கேட்டது வீட்டைக் காப்பாற்றத்தான். வீடு பத்திரமாக இருக்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டால் போதும்; ஒருநாள் பன்னிரண்டு குடும்பத்தின் நிலமும் அவளிடம் வந்து சேரும். வழக்கு முடிந்தது, இனிமேல் உன் விருப்பம் என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கூசியது, ஆனாலும் முடிவு அவளுடையது.

"நாளைக்கு அங்கம்மா பாட்டியும் கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

போடுவார் என்றேன்.

"அந்தக் காயிதத்த என்கிட்ட குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பட்டு வேட்டி மேல் வெல்வெட் அங்கி, அங்கிக்கு மேல் ரோஜா. ஏர்கோன் கெட்டுப்போய் வியர்வையும் பன்னீரும் கலந்த ஒரு நாற்றம். மேஜையில் நில மாற்றுப் பாரங்கள், அதாவது படிவங்கள், அடுக்கியிருந்தன; பக்கத்தில் கையெழுத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு வழக்கறிஞர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். லெட்சுமணன் மைக்கில் முழங்கினார். முதல் பெயர் சதாசிவம்.

சதாசிவம் எழுந்து விந்தி விந்தி மேடையருகே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கால்களைத் தாம்பாளத்தில் வைத்தார். அங்கம்மா தரையில் மண்டியிட்டுக் கழுவினார். தன்னைவிட நாலு வயது மூத்தவர், தன் மனைவி செத்த பிறகு தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டுக்காரி காலைக் கழுவிக்கொண்டிருக்க, அந்த மனிதர் கூட்டத்தைப் பார்த்து அதே கூச்சச் சிரிப்பைச் சிரித்தார். எனக்கு அங்கேயே துப்ப வேண்டும்போல இருந்தது.

லோஷினி முன்னால் போய்த் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் காகிதத்தை விரித்தாள். ஈரக்காலோடு தரையில் வழுக்கிவிடக்கூடாது என்று மகள் விரிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். பெருமையாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே எழுந்து நின்றார்.

பழுப்புக் காகிதத்தில் ஈரம் கறுப்பாக இறங்கியது. வரைந்த கோட்டுக்குள் இரண்டு பாதமும் அச்சாகப் பொருந்தின. கோடு நேராக ஓடிய இடத்தில் விரல் இல்லை.

முதலில் பார்த்தவர் மண்டியிட்டிருந்த அங்கம்மாதான்.

"இதுல ஒங் காலு மின்னாடியே வரஞ்சிருக்கே, தம்பி" என்றார்.

சதாசிவம் குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும் அதை விட்டு விலகியது. நான் மேடை ஏறி, கால் வைக்கும் பலகையைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினேன். மேட்டையும் பள்ளத்தையும், கித்தா மரத் தழும்பையும், மூர்த்திக்கு வந்த அளவையும் வரிசையாகச் சொன்னேன். காகிதத்தைத் தூக்கிக் காட்டியது கால்வின். லெட்சுமணனைப் பார்த்தேன். அங்கி பொத்தானைக் கழற்றிக்கொண்டே, நான் மைக் பிடிக்கிற ஆள் மட்டும்தான், கம்பெனியைச் சதாசிவத்துக்கு மாற்றித் தரக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், புத்தகம் எழுதியதும் அவர்தான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

இதற்குப் பிறகு கூட்டம் சதாசிவத்தின் மேல் பாயும் என்று எதிர்பார்த்தேன். பாய்ந்தது உண்மைதான். ஆனால் எதற்காக என்று கேளுங்கள்.

முன்வரிசையில் இருந்த விஜயன், ஓய்வு பெற்ற பள்ளிக்கூடக் குமாஸ்தா, எழுந்து நின்றார். "வெள்ளைக்கார ராஜான்னு நெனச்சில்ல கொடுக்க வந்தோம். கடசியில நம்ம சதாசிவமா? தோட்டத்து லயத்துல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன் லா இவன். இவனுக்கா நாங்க கும்புடு போடறது?"

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். ஏமாற்றியது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்கு வீட்டையும் நிலத்தையும் தூக்கிக் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், அது பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போவதைத்தான் பொறுக்க முடியாமல் கத்தினார்கள். அன்று பன்னிரண்டு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றியது என் துப்பும் இல்லை, அவர்கள் புத்தியும் இல்லை. பொறாமை. பின்வரிசையில் ஒருவர் என் கையைப் பிடித்து, இதுவரை கொடுத்த பட்டமாவது செல்லுமா என்று விசாரித்தார். நான் கையை உருவிக்கொண்டேன்.

அங்கம்மா மட்டும் கத்தவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு மேஜைக்குப் போனார். பாரக் கட்டிலிருந்து தன்னுடையதைத் தேடி எடுத்து, ரோஜாவைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

சதாசிவம் மகளைப் பார்த்தார். "ஒனக்குத்தானேம்மா சேத்தேன். எனக்கென்னா, இன்னும் எத்தன நாளு" என்றார். குரலில் கண்ணீர்கூட இருந்தது. அது உண்மையான கண்ணீர் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

லோஷினி, போலீஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டாள்.

காடியில் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். புகாரை அங்கம்மா கொடுக்கலாம், இல்லாவிட்டால் நானே கொடுக்கலாம். மகள் கையால் நடக்க வேண்டாம், ஊரும் நாளைக்கு நாலு விதமாகப் பேசும். கால்வினும் அதையே சொன்னான், கிண்டல் இல்லாமல். அவள் கேட்டுக்கொண்டாள். நிலையத்து வாசலில் எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

கார்ப்பரல் இளம் மலாய்க்காரர். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, புகார் கொடுப்பவர் என்ற கட்டத்தில் தட்டினார்: லோஷினி, சதாசிவத்தின் மகள். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். யார் மேல் புகார் என்று கேட்டார். பெயரைச் சொன்னாள். தட்டியவர் கையை நிறுத்திவிட்டு, திரையில் மேலேயும் கீழேயும் பார்த்தார். தவறுதலாக ஒரே பெயரை இரண்டு இடத்தில் போட்டுவிட்டேனா, எதை அழிக்க வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

லோஷினி திரையைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே ஆள்தான்" என்று மலாயிலேயே சொன்னாள். "ரெண்டு எடத்துலயும் இருக்கட்டும்."